கார்டு கேட்டவளும் கும்பிட்டுப் போனவனும்

அத்தியாயம் 5

துப்பறியும் கலைமணி பதறிப்போய்க் காபியைக் கொட்டினாள் என்று வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால், ஆரோக்கிய ஜெகன் அந்த ஆளைச் சும்மா விட்டிருக்கமாட்டான். மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் அவளுடைய அலுவலகம். அங்கே உதவியாளனாகச் சேர்ந்த நாளிலிருந்து அவளைப் பார்த்து வருகிறான். ஒரு முறை நகைத் திருடன் ஒருவன் அரிவாளோடு படியேறி வந்தபோதுகூட, அவனை உட்காரச் சொல்லிவிட்டு, மிச்சக் காபியைக் குடித்து முடித்த பிறகுதான் அவள் எழுந்தாள். அப்பேர்ப்பட்டவள் கடலூர் முதுநகரில், சவரிமேரி வீட்டுக் கூடத்தில், பட்டப்பகலில், அரை டம்ளர் காபியைத் தன் புடவையிலேயே ஊற்றிக்கொண்டாள்.

காரணம் என்னவென்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. சவரிமேரியின் மகள் மேரி ஷாலினி சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். அவ்வளவுதான். முழங்கை வரைக்கும் மைதா, மூக்கு நுனியில் கோகோ பவுடர்.

"என்னாக்கா இது! கட்சிக்காரி வந்து நின்னதுக்கே கொட்டிட்ட. நம்ம ஃபீஸ கேட்டா அவுங்கதான கொட்டணும்?" என்றான் ஜெகன்.

கலைமணி டம்ளரைக் கீழே வைத்தாள். ஷாலினியை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு முறை பார்த்தாள். கால்களைச் சற்று அதிக நேரம் பார்த்தாள்.

இந்த வழக்கைப் பிடித்துக்கொண்டு வந்தவனே ஜெகன்தான். 'முதுநகர்ல சவரிமேரின்னு ஒரு அம்மாக்கா, அவுங்க பொண்ணோட பேங்க் கணக்க மூடிட்டாங்களாம், பாவம், வா போவலாம்' என்று மட்டும் சொல்லிக் கூட்டி வந்திருந்தான். வந்ததிலிருந்தே அக்காவின் போக்கு சரியில்லை. வாசற்படி தாண்டியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். சவரிமேரியின் தோளைத் தொட்டு, "தைரியமா இருங்கம்மா" என்றாள். அந்த அம்மாவோ, "மாதா இருக்கா, எனக்கென்னா கவல" என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டுக் காபி போடப் போனாள்.

ஜெகனுக்கு அந்தக் கூடம் சொந்த வீடு மாதிரியே இருந்தது. மாதா படம், சிவப்பு பல்பு, மெழுகுவத்தி, ஷாலினியின் ஃபோட்டோ, தேர்பவனியில் எடுத்த சந்தன மாலை, போன வருஷத்துக் குருத்தோலை. எல்லாம் வழக்கப்படி. உள்ளே மத்திக் குழம்பு கொதிக்கிற வாசனை வேறு. இந்த வீட்டில் துப்புத் துலக்க வந்ததைவிடச் சாப்பிட வந்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

"உக்காரும்மா," என்றாள் கலைமணி, புடவையைத் துடைத்துக்கொண்டே. "நடந்ததச் சொல்லு."

ஷாலினி சென்னையில் ஒரு பெரிய ஓட்டலின் பேக்கரியில் வேலை பார்த்தவள். தன் கையால் தன் பெயரில் கேக் செய்து விற்க வேண்டும் என்று வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டாள். வந்த சூட்டோடு மூன்று பங்குக் கோயில்களிலிருந்து கிறிஸ்துமஸ் கேக்குக்குச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் இருப்பதோ சின்ன ஓவன்.

"இத வச்சி செஞ்சா கிறிஸ்துமஸ் கேக்க ஈஸ்டருக்குத்தான்க்கா குடுப்பேன்," என்றாள் ஷாலினி. "மேல்பட்டாம்பாக்கத்துல பேக்கரி சாமான் விக்கிற கடையில ஒரு பெரிய ஓவன் பாத்து வச்சிருக்கேன். கிரெடிட் கார்டு இருந்தா தவணையில குடுப்பாங்க. சரின்னு என் பேங்க்குலயே கார்டு கேட்டேன். கார்டு இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போவட்டும். இருந்த கணக்கையே இழுத்து மூடிட்டாங்க!"

"காரணம்?"

"சொல்லவே மாட்டேங்கறாங்க. இங்க இருக்கற கிளையில போயி கேட்டா, கணக்கு சென்னையில ஆரம்பிச்சது, அங்க போங்கறாங்க. போன் பண்ணி 'நான் மேரி ஷாலினி பேசறேன்'னா, 'மேடம், அப்பிடியெல்லாம் பேசாதீங்க, நாமினிய பேசச் சொல்லுங்க'ன்னு வச்சிடறாங்க."

"நாமினி நாந்தான்," என்று பெருமையாகச் சொன்னாள் சவரிமேரி. "எங்கிட்ட எம்மாம் மரியாதையா பேசுதுங்க தெரியுமா? அந்தப் பணத்த உங்க கையிலதான் குடுப்போம்மா, அவசரமே இல்ல, மெதுவா வாங்கன்னு ஒரு பொண்ணு தழுதழுத்துப் போயி பேசிச்சி. பெத்தவள மதிக்கிற பேங்க்கு. கிறிஸ்துமஸ் முடிஞ்சி வர்றேன்னு சொல்லியிருக்கேன்."

"வேற பேங்க்குல கார்டு கேட்டுப் பாத்தியா?" என்றாள் கலைமணி.

"கேக்காத பேங்க்கே இல்ல. பட்டன அழுத்துன கைய எடுக்கறதுக்குள்ள இல்லன்னு வந்துடுது. மஞ்சக்குப்பம் மைதானத்துல பொருட்காட்சி போட்டாங்கல்ல, அங்க ஒரு பொண்ணு கூவிக் கூவி கார்டு வித்துக்கிட்டு இருந்துச்சி. எம்பேரு, நம்பரெல்லாம் அடிச்சிப் பாத்துச்சி. அப்புறம் என்னப் பாத்துச்சி. மெதுவா என் கையத் தொட்டுப் பாத்துச்சி. டீ குடிச்சிட்டு வர்றேன்னு எழுந்து போனதுதான், திரும்பி வரவே இல்லக்கா!"

ஜெகன் தொடையில் தட்டினான். "புரிஞ்சி போச்சு! இந்தப் பொண்ணு மேல யாரோ மொட்டக் கடுதாசி போட்டிருக்கான். கோயிலுக்கு எதுர்ல புதுசா பேக்கரி தொறந்திருக்கானே சகாய ஆனந்த், அவனா இருக்குமா?"

"அவனேதான்," என்றாள் ஷாலினி. "நான் கடை போட்டா அவன் கேக்க ஈ கூட வாங்காது."

சொல்லிவிட்டாளே தவிர அவள் கண் கலங்கிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்குகிற ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான் கடைக்காரர் அந்த ஓவனை வேறு யாருக்கும் விற்காமல் வைத்திருப்பாராம். அது கை நழுவிப் போனால் கேக் இல்லை, கடை இல்லை. மறுபடியும் சென்னை ஓட்டலுக்கே போய் யாரோ பெயரில் யாரோ தின்கிற கேக்கைச் செய்ய வேண்டியதுதான். அம்மாவையும் இங்கே தனியாக விட்டுவிட்டுப் போக வேண்டும்.

"கார்டு கேட்டதுக்கப்புறம் பேங்க் சார்பா வீட்டுக்கு யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்டாள் கலைமணி.

"ஒரு தம்பி வந்துச்சே," என்றாள் சவரிமேரி. "இவ கேக் குடுக்கப் போயிருந்தா. நான் இதே மாதிரி மீன் குழம்புக்கு வெங்காயம் நறுக்கிட்டு, கண்ணத் தொடச்சிக்கிட்டே போயி கதவத் தொறந்தேன். 'மேரி ஷாலினி...'ன்னு பேரு மட்டுந்தான் சொன்னாரு. கூடத்துக்குள்ள வந்து பாத்தாரு பாருங்க, அப்பிடியே நின்னுட்டாரு. ஹெல்மெட்ட கழட்டி, செருப்ப வெளியில விட்டுட்டு வந்து, மாதாவப் பாத்து கையெடுத்துக் கும்பிட்டாரு. கண்ணெல்லாம் தண்ணி. நெத்தியில நாமம் போட்ட புள்ள, மாதா மேல எம்மாம் பக்தி! எனக்கே மெய் சிலுத்துப் போச்சி. காபி குடுத்தேன். தல நிமிராம குடிச்சிட்டுப் போயிட்டாரு. வாசல்ல நின்னு போன்ல யாருகிட்டயோ, கிள்ளைக்குப் போயிட்டு சிதம்பரம் வந்துடறேன்னு சொன்னாரு."

கலைமணியின் உதடு ஒரு பக்கமாகத் துடித்தது. அவள் கோபத்தை அடக்குகிறாளா, சிரிப்பை அடக்குகிறாளா என்று ஜெகனால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள்.

"ஜெகா, நீ சிதம்பரத்துலதான குடியிருக்க?"

"வாடகைக்குக்கா. ஏன்?"

"அதே பேங்க்குல நீயும் ஒரு கார்டு கேளு. அந்த ஆள நாம தேடிப் போவ வேணாம். அவரே உன் வீட்டக் கண்டுபுடிச்சி வருவாரு. அதுதான் அவரு வேல."

*

ஆள் வருகிறேன் என்று ஜெகனுக்கு போன் செய்த அன்று காலையில், கலைமணியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஜெகன் சிதம்பரத்துக்கு வண்டியை விட்டான். ஆலப்பாக்கம் தாண்டும் வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

"அக்கா, என் கணக்கு இதான். சகாய ஆனந்த் இந்த ஆளுக்குக் காசு குடுத்திருக்கான். ஆளு வந்து கும்புட்டது பக்தியில இல்ல. செய்யப் போற பாவத்துக்கு முன்கூட்டியே மன்னிப்பு."

"சரி."

"சரின்னா சரியா, இல்ல வாய மூடுன்னு அர்த்தமா?"

"ரோட்டப் பாத்து ஓட்டுன்னு அர்த்தம். லாரி வருது."

புதுச்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தியபோதும் அவன் விடவில்லை. "ஒண்ணு மட்டும் சொல்லுக்கா. அன்னிக்கி ஏன் காபியக் கொட்டின?"

"பயந்துட்டேன்டா."

"மைதாவப் பாத்தா?"

கலைமணி டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள், சிரித்தாள், கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தாள். டீக்கடைக்காரர் சர்க்கரை ஜாஸ்தியாகிவிட்டதோ என்று எட்டிப் பார்த்தார். ஜெகனுக்கோ எரிச்சல் தாங்கவில்லை. தனக்குத் தெரியாத ஒரு நகைச்சுவையைத் தன் எதிரிலேயே இன்னொருவர் ரசிப்பதைப் போலக் கொடுமை அவனுக்கு வேறு கிடையாது.

*

மேல வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் மாடிப் போர்ஷன் ஜெகனுடையது. கட்டில், ஸ்டவ், துணி காயும் கொடி, அவ்வளவுதான் குடித்தனம். கலைமணி கொடியில் தொங்கிய போர்வைக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஜெகன் மட்டும் கட்டிலில், கடன் கேட்கிற மனிதனுக்குரிய அடக்கத்தோடு காத்திருந்தான்.

கீழே வண்டி வந்து நின்றது. முதலில் வீட்டுக்காரம்மா தில்லையம்மாளின் குரல்தான் படியேறி வந்தது.

"அந்தப் புள்ளயா? தங்கமான புள்ளங்க. என்னா, குளிக்கறப்போ பாட்டு பாடுவான். அத எழுதிக்கிட்டீங்களா? எழுதிக்குங்க. பேங்க்குக்குத் தெரியட்டும்."

பிறகு ஆள் வந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர், நெற்றியில் நாமம், கையில் ஹெல்மெட். கதவை ஒரு படம், கட்டிலை ஒரு படம், ஜெகனை ஒரு படம் எடுத்தார். தேவநாதன் என்று பெயரைச் சொன்னார். கடலூரிலிருந்து கிள்ளை வரைக்கும் கார்டு கேட்கிறவர்களின் வீட்டுக்கெல்லாம் போய்ப் பார்த்து எழுதி அனுப்புவது தன் வேலை என்றார்.

"முதுநகர் மேரி ஷாலினி வீட்டுக்கும் நீங்கதான போனீங்க?" என்றது போர்வை.

தேவநாதன் விலுக்கென்று திரும்பினார். போர்வையை விலக்கிக்கொண்டு கலைமணி வந்தாள். ஜெகன் ஒரே தாவாகத் தாவிக் கதவைச் சாத்தி, அதன் மேல் முதுகை வைத்துக்கொண்டான். இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவன் காலையிலிருந்து காத்திருந்தான்.

"உண்மையச் சொல்லுங்க! சகாய ஆனந்த் உங்களுக்கு எம்மாம் குடுத்தான்?"

"யாருங்க சகாய ஆனந்த்?"

"நடிக்காதீங்க. அந்தப் பொண்ணு வாழ்க்கையவே நாசமாக்கிட்டீங்களே, உங்களுக்கு மனசாட்சி இல்ல?"

தேவநாதன் முகம் வெளுத்தது. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். ஜெகன் வெற்றிச் சிரிப்போடு கலைமணியைப் பார்த்தான். ஆனால் அந்த மனிதர் செய்தது ஜெகன் எதிர்பார்த்ததே இல்லை. அவர் அழ ஆரம்பித்துவிட்டார்.

"நீங்க அவுங்களுக்குச் சொந்தக்காரங்களா?" என்றார் கைக்குட்டையை எடுத்து. "பாவங்க அந்தத் தாயி. அன்னிக்கி ராத்திரி எனக்குச் சோறு எறங்கல. என் சித்தி பொண்ணு வயசுதான் இருக்கும். சிரிச்ச முகம். பாத்துக்கிட்டே நின்னேன்."

"எத பாத்துக்கிட்டு?" என்றான் ஜெகன்.

"ஃபோட்டோவத்தான்."

காலையிலிருந்து கட்டி வைத்திருந்த ஜெகனின் கணக்கு அந்த ஒரு வார்த்தையில் சரிந்தது.

"தேவநாதன் சார்," என்றாள் கலைமணி மிக மென்மையாக. "வீட்டப் பாத்துட்டு வந்து பேங்க்குக்கு என்னா எழுதுனீங்க?"

"என்னாங்க எழுதறது. நடந்தத எழுதுனேன். விண்ணப்பதாரர் காலமாகிவிட்டார்னு."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவை யாரோ தட்டினார்கள். ஜெகன் பிரமை பிடித்தவனைப் போல விலகி நிற்க, பக்கத்தில் இருந்த தேவநாதனே கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

வாசலில் மேரி ஷாலினி நின்றிருந்தாள். வெள்ளைச் சுடிதார், கையில் அட்டைப் பெட்டி, வெயிலில் வந்த களைப்பு.

"அக்கா, சிதம்பரத்துக்கு ஒரு கேக் வேணும்னு சொன்னியே, எங்க வைக்கட்டும்?"

"தேவநாதப் பெருமாளே!"

தேவநாதன் போட்ட அந்த அலறலில் தில்லையம்மாள் கீழே எதையோ போட்டு உடைத்தாள். ஒரு நடுவயதுக்காரர் அத்தனை வேகத்தில் பின்பக்கமாகவே கட்டிலில் ஏறுவதை ஜெகன் அதற்கு முன் பார்த்ததில்லை. ஏறியவர் தலையணையை எடுத்து நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். ஷாலினி பயந்துபோய் ஓரடி முன்னால் வைத்தாள். அவர் சுவரோடு சுவராக ஒட்டினார்.

"என்னா சார் ஆச்சி? கேக் பிடிக்காதா?" என்றாள் அவள்.

கலைமணிக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. புதுச்சத்திரத்தில் மிச்சம் வைத்திருந்த சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தாள்.

"எறங்குங்க சார். கால் தரையிலதான் இருக்கு, பாத்துக்குங்க. அன்னிக்கி நானும் அதத்தான் பாத்தேன்." அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "பொண்ணோட கணக்க மூடிட்டாங்கன்னு இவன் சொல்லிக் கூட்டிட்டுப் போனான். வீட்டுக்குள்ள போனா, அந்தப் பொண்ணு ஃபோட்டோ. அதுக்கு சந்தன மாலை. மேல செவப்பு பல்பு, கீழ மெழுகுவத்தி. நான் என்னான்னு நெனைப்பேன்? பொண்ணு போயிடுச்சி, அதான் கணக்க மூடிட்டாங்க, அந்தம்மா பணத்துக்கு அலையறாங்கன்னு நெனைச்சேன். தோளத் தொட்டு ஆறுதல் வேற சொன்னேன். அப்புறம் அந்தப் பொண்ணே கையில மாவோட வந்து நிக்குது. காபி கொட்டாம என்னா செய்யும்?"

ஷாலினி அட்டைப் பெட்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அது மாதா கழுத்துல கெடந்த மாலைக்கா! தேர்பவனி முடிஞ்சி ஏலம் விட்டாங்க. அம்மா எடுத்தாங்க. நான் சென்னையில இருந்தேன். என் தொழில் நல்லா வரணும்னு எம் படத்துல போட்டாங்க."

"வழக்கந்தான?" என்றான் ஜெகன் பரிதாபமாக. "எங்கூட்ல கூட அந்தோணியார் மாலைய புது ஃபிரிட்ஜுக்குப் போட்டோம்."

"அதான் உனக்குக் கண்ணுல படல. எனக்குப் பகீர்னுச்சி. இவருக்கு அழுகையே வந்துடுச்சி," என்றாள் கலைமணி.

தேவநாதன் மெதுவாக இறங்கினார். தலையணையை மட்டும் கீழே வைக்கவில்லை. "அந்தம்மா கண்ணத் தொடச்சிக்கிட்டே வந்து கதவத் தொறந்தாங்களே..."

"வெங்காயம்," என்றார்கள் மூவரும்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல சார்?" என்று வெடித்தாள் ஷாலினி. அவளுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. "ஒரே ஒரு வார்த்த!"

தேவநாதன் அவளை நேராகப் பார்த்தார். "எப்பிடிம்மா கேப்பேன்? ஒரு தாயி காபியக் கையில குடுத்துட்டு எதுர்ல நிக்கறாங்க. அவுங்க மொகத்தப் பாத்து, உங்க பொண்ணு செத்துப் போச்சான்னு நாக்குல வருமா? உன்னால கேக்க முடியுமா?"

ஜெகன் தன்னையே அங்கே நிறுத்திப் பார்த்தான். வாய் ஓயாமல் பேசுகிற அவனும் கேட்டிருக்க மாட்டான். கும்பிட்டுவிட்டுத்தான் வந்திருப்பான்.

*

சாகடிப்பது சுலபமாக இருந்தது, பிழைக்க வைப்பதுதான் பெரும்பாடு. செத்துவிட்டாள் என்று தேவநாதன் சொன்னபோது மறுபேச்சில்லாமல் நம்பி மற்ற பேங்க்குகளுக்கும் சொல்லிவிட்ட அலுவலகம், இருக்கிறாள் என்று அவரே சொன்னபோது நம்பவில்லை. நேரில் போய்ப் பார்த்து, அக்கம்பக்கத்தில் விசாரித்து, முதலிலிருந்து எழுதி அனுப்பச் சொன்னது. ஆகவே அவர் மறுபடியும் முதுநகருக்கு வந்தார். இந்த முறை ஷாலினியை மாவு பிசையச் சொல்லி ஒரு படம், சிரிக்கச் சொல்லி ஒரு படம், மூச்சு விடுவது தெரிகிற மாதிரி ஒரு வீடியோ.

கூடத்தில் சிரிப்பு தாங்கவில்லை. தேவநாதன் கட்டிலில் ஏறிய காட்சியை ஜெகன் நடித்தே காட்டினான். அப்போதுதான் சவரிமேரிக்கு முழுக் கதையும் விளங்கியது. முதலில் அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்போ அந்த போன்ல பேசுன பொண்ணு..." என்றாள். "மெதுவா வாங்கம்மான்னு தழுதழுத்துச்சே... எம்பொண்ணு செத்துட்டான்னா எங்கிட்ட பேசிச்சி? நான் அதுக்கு நன்றி வேற சொன்னேனே."

அவள் எழுந்து போய் ஷாலினியின் மாவுக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். பெற்றவளுக்குத் தெரியாமல் ஊர் முழுக்க, பேங்க் முழுக்க, தன் மகளைச் செத்தவளாக வைத்திருந்திருக்கிறார்கள் என்ற நினைப்பில் அந்தக் கையை அவள் விடவே இல்லை. ஜெகனுக்கு நடித்துக் காட்டியதற்காக வெட்கமாக இருந்தது.

தேவநாதன் அவள் முன்னால் போய்க் கைகட்டி நின்றார். "மன்னிச்சிக்குங்கம்மா."

"எம்பொண்ணுக்காக அழுதியா தம்பி?"

"ஆமாம்மா."

"முன்னப்பின்ன தெரியாதவ. அவளுக்காக அழுதிருக்க." சவரிமேரி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "உக்காரு. சாப்புட்டுத்தான் போவணும்."

பேங்க்கிலிருந்து ஒரு தகவலும் வரவில்லை. நாள்தான் போயிற்று. இதில் வேடிக்கை என்னவென்றால், ஆளைப் பிடிக்க மட்டும் கார்டு கேட்ட ஜெகனுக்குக் கார்டு வந்து சேர்ந்தது. திருவருகைக் காலத்துக்கு முந்தின நாளான சனிக்கிழமை, அவன் அதைக் கொண்டுவந்து ஷாலினியின் எதிரில் வைத்தான். மேல்பட்டாம்பாக்கத்துக் கடைக்காரர் அதற்குள் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார்.

"இத வச்சி வாங்கிக்க. எனக்கு மெதுவா குடு."

ஷாலினி அதைத் தொடவில்லை. "வேணாம் ஜெகன் அண்ணே. உங்க பேருல வாங்கினா கேக்கு வேணும்னா உப்பும். பேங்க்குல நான் செத்தவளாத்தான் இருப்பேன். எம்பேருல குடுத்தா வாங்கறேன். இல்லன்னா சென்னைக்கே போறேன்."

கலைமணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துப்புத் துலக்கி முடித்த பிறகு அவளுக்கும் செய்ய ஒன்றும் இல்லை.

போன் அடித்தது. எல்லோரும் கேட்கட்டும் என்று ஷாலினி ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம், மேரி ஷாலினி மேடம்தானே பேசறது?" என்றது ஒரு பெண் குரல். "உங்க கார்டு விண்ணப்பம் விஷயமா கூப்பிடறேன். நீங்கதான்னு உறுதிப்படுத்திக்க ஒரே ஒரு கேள்வி மேடம். உங்க தாயார் பேரு என்ன?"

பேங்க்கிலிருந்து அவளை அவள் என்று ஒத்துக்கொண்டு கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று! ஷாலினி பதில் சொல்லத்தான் போனாள். அடுத்த நிமிடம் சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா? தாயார் பேரு?"

சவரிமேரி வந்த வேகத்தில் ஜெகன் ஒதுங்கிக்கொண்டான். அவள் போனை மகள் கையிலிருந்து பிடுங்கினாள்.

"சவரிமேரி! நாந்தான் பேசறேன்."

"அம்மா, மன்னிச்சிடுங்க. விண்ணப்பதாரர்தான் பதில் சொல்லணும்."

"இத்தினி நாளா எங்கிட்ட மட்டுந்தான பேசுனீங்க? இப்பவும் எங்கிட்டயே கேளும்மா." அவள் போனை ஷாலினியின் முகத்துக்கு நேராக நீட்டிப் பிடித்தாள். விம்மல் கூடமெல்லாம் கேட்டது. பிறகு போனை மறுபடியும் தன் வாய்க்குக் கொண்டுவந்தாள். "கேட்டுதா? சந்தோஷத்துல அழுவுறா. செத்தவ இப்பிடி அழுவுவாளா? எழுதிக்க."

மறுமுனையில் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரல் மெதுவாக வந்தது.

"எழுதிக்கிட்டேம்மா. கார்டு அப்ரூவ் ஆயிடுச்சி."